நடுவில் காலியாகும் இருக்கை

மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள 45 மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்டங்கள் (conservation districts) வேறு வகை. 1930-களின் புழுதிப் புயல்களைப் பார்த்த அதிபர் ரூஸ்வெல்ட், மண்ணைக் காக்கும் பொறுப்பு உள்ளூர்க்காரர்களிடமே இருக்கட்டும் என்று 1937-இல் மாநில ஆளுநர்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். வாஷிங்டன் 1939-இல் தன் சட்டத்தை இயற்றியது. ஓடைக்கரையில் மரம் நடுவது, பால்பண்ணைச் சாணநீர் ஆற்றில் கலக்காமல் தடுப்பது, பலூஸ் குன்றுகளின் கோதுமை நிலத்தில் உழாமல் விதைப்பது ஆகியவற்றுக்கு ஆலோசனை சொல்வதும் செலவில் ஒரு பங்கைக் கொடுப்பதும் இவற்றின் வேலை. நடத்துவது 5 பேர் கொண்ட வாரியம். சம்பளம் கிடையாது, பயணம் உட்பட வேலைக்கான செலவு மட்டும் உண்டு.

ஐவரில் 3 பேர் தேர்தலில் வருகிறவர்கள். 2 பேரை, இந்த மாவட்டங்களைக் கவனிக்கும் மாநிலப் பாதுகாப்பு ஆணையம் நியமிக்கிறது. எல்லோருக்கும் பதவிக்காலம் 3 ஆண்டு. ஒருவர் விலகியதுமே அடுத்து யார் என்று பெயர்கள் அடிபடத் தொடங்கிவிடும். அதற்கு முன், போனது எந்த இருக்கை என்று பழைய கோப்பை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். தேர்தல் இருக்கை என்றால் எஞ்சிய உறுப்பினர்களே ஆளை நியமிப்பார்கள். நியமன இருக்கை என்றால் அந்த அதிகாரம் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. மாதாமாதம் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களுக்கு இந்த வேறுபாடு மறந்துபோகும். ஆணையத்தின் இருக்கையை வாரியமே நிரப்பிவிட்டால், அந்த ஆள் போட்ட ஒவ்வொரு ஓட்டும் பின்னால் கேள்விக்குள்ளாகும்.

இருக்கை உண்மையில் காலிதானா என்பது அடுத்தது. "இனி என்னால் வர முடியாது" என்று தொலைபேசியில் சொன்னதை வைத்து எதுவும் செய்யக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து விலகுகிறார் என்று எழுதிக் கையெழுத்திட்ட ராஜினாமா கடிதம் வேண்டும். உறுப்பினர் வேறு ஊருக்குக் குடிபோய், மாவட்டத்தின் பதிவு பெற்ற வாக்காளராக இல்லாமல் போனாலும் இருக்கை காலிதான். தொடர்ந்து கூட்டத்துக்கு வராதவர் விஷயம் வேறு. அவர் இருக்கை காலியென்று வாரியம் தானே அறிவித்துவிட முடியாது. கடமை தவறினார், அல்லது பதவியில் முறைகேடு செய்தார் என்ற காரணத்துக்காக மட்டுமே, நோட்டீஸ் கொடுத்து விசாரித்த பின் ஆணையம் நீக்கலாம்.

கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு, 3 பேர் வேண்டும். ஒரு இருக்கை காலியானால் 4 பேர் இருப்பார்கள், சமாளிக்கலாம். ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் மட்டும் தீர்மானம் நிறைவேறாது. இரண்டு காலியானால், மிஞ்சிய மூவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கூட்டம் நடக்காது. பணம் பட்டுவாடா ஆகாது, நாற்று ஆர்டர் போகாது. மூன்றாவதும் காலியானால், நியமிக்கும் அதிகாரம் எஞ்சிய உறுப்பினர்களுக்கு இருந்தும் அதைப் பயன்படுத்தக் கோரம் இருக்காது. முதல் காலியிடத்தை ஆறப்போடாமல் நிரப்ப வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தேர்தலில் வரும் மூவரில் குறைந்தது இருவர் நில உரிமையாளராகவோ பண்ணை நடத்துகிறவராகவோ இருக்க வேண்டும். விலகியவர் அந்த இருவரில் ஒருவராக இருந்து, மூன்றாமவர் இந்த இரண்டும் இல்லாதவராக இருந்தால், புதியவரும் நில உரிமையாளராகவோ பண்ணை நடத்துகிறவராகவோ இருந்தாக வேண்டும். இதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். நேர்காணலுக்கு வந்த பிறகு ஒருவரைத் திருப்பி அனுப்புவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

நம் ஊராட்சி வார்டுக்கு இடைத்தேர்தல் உண்டு, இங்கே இல்லை. நியமிக்கப்படுகிறவர் மீதிக் காலம் முழுவதும் இருப்பார். ஒருவர் பதவியேற்ற நான்காவது மாதத்தில் விலகினால், மக்கள் ஓட்டுப் போடாத ஒருவர் இரண்டரை ஆண்டுக்கு மேல் அந்த இருக்கையில் இருப்பார். எந்த ஓடைக்குப் பணம், எந்தப் பண்ணைக்குப் பங்கு என்று முடிவெடுக்கும் இருக்கை அது. நியமனம் பற்றிச் சட்டத்தில் இருப்பது ஒற்றை வரிதான். அதனால் வாரியம் தனக்கு வேண்டியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடக் கூடாது. மூன்று நான்கு வாரமாவது அவகாசம் கொடுத்து வெளிப்படையாக அறிவிக்கலாம். மாவட்டத்தோடு வேலை செய்த விவசாயிகள், இதுவரை எட்டிப்பார்க்காத பகுதிகளின் சிறு பண்ணையார்கள் எல்லோருக்கும் கடிதம் போகட்டும்.

அதிகம் சறுக்குவது கூட்டத்தில்தான். பொது அமைப்புகள் மக்கள் முன்னால் கூட வேண்டும் என்று சொல்லும் மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டப்படி, தேர்தல் பதவிக்கு நியமனம் கேட்டு வரும் ஒருவரின் தகுதியை மூடிய அமர்வில் அலசலாம். நேர்காணலும் நியமிக்கும் ஓட்டும் பொதுமக்கள் முன்னால்தான் நடக்க வேண்டும். மூடிய அமர்வுக்குப் போகுமுன் காரணத்தையும் முடியும் நேரத்தையும் தலைவர் அறிவிக்க வேண்டும். உள்ளே "சும்மா ஒரு கணக்குக்கு" கை தூக்கிப் பார்ப்பதும் ஓட்டுதான். டகோமா நகர மன்றம் திட்டக் குழுக் காலியிடம் ஒன்றுக்கு மூடிய அமர்வில் சீட்டு எழுதிப் பார்த்ததை, 1999-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டமீறல் என்று தீர்ப்பளித்தது. பொதுக் கூட்டத்தில் ரகசிய ஓட்டும் செல்லாது. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது தெரிய வேண்டும். மின்னஞ்சலிலும் அதே ஆபத்து. மூன்று உறுப்பினர்கள் "எனக்கு இவர் சரி" என்று மாறி மாறி எழுதிக்கொண்டால், அறிவிக்காத கூட்டம் ஒன்றை நடத்திவிட்டதாக ஆகும். அலுவலர் எல்லோருக்கும் ஒரே அஞ்சலில் விண்ணப்பங்களை அனுப்பி, "அனைவருக்கும் பதில்" அழுத்தாதீர்கள் என்று மேலேயே எழுதிவிடுவது நல்லது.

தீர்மானத்தில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஒவ்வொருவரின் ஓட்டு, யாருடைய இடத்துக்கு நியமனம், அந்தப் பதவிக்காலம் முடியும் தேதி எல்லாம் பதிவாக வேண்டும். கடைசியாகச் சொன்ன தேதி விடுபட்டுவிட்டால், புதியவர் தனக்கு முழு 3 ஆண்டு என்று நினைத்துக்கொள்வார். நியமனக் கடிதத்திலும் அந்தத் தேதி இருக்கட்டும். பிறகு பதவிப் பிரமாணம், ஆணையத்துக்குத் தகவல். விலகியவர் காசோலையில் கையெழுத்திடுகிறவராக இருந்தால் வங்கியில் அன்றே மாற்றம். திறந்த கூட்டச் சட்டம் பற்றிய பயிற்சியைப் பொறுப்பேற்ற 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

தேர்தல் ஒவ்வோர் ஆண்டும் முதல் காலாண்டில் நடக்கும். தேர்தல் இருக்கைக்கு இப்படி நியமிக்கப்பட்டவர் மீதிக் காலம் முடிந்த பிறகும் தொடர விரும்பினால், மற்ற வேட்பாளர்களைப் போலவே 25 வாக்காளர்களின் கையெழுத்தோடு மனு கொடுக்க வேண்டும். அந்த மனுப் படிவத்தை நியமனக் கடிதத்தோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.