தமிழ் எழுத்து சரியாக வர ஹார்ஃப்பஸை மூல நிரலிலிருந்து நிறுவியது

எங்கள் ஊர் நூலகத்தின் அலமாரிகளில் ஒட்டும் பெயர்ச் சீட்டுகளை, பைத்தானில் எழுதிய ஒரு சிறு நிரல் படமாக வரைந்து தருகிறது. அந்த நிரலை 32 பிட் ஏஆர்எம் செயலி கொண்ட சிறு கணினிப் பலகைக்கு மாற்றியதும், ‘கொங்கு’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘கு’வில் உகரக் குறி ஒட்டாமல் தனியே விலகி நின்றது. ஒரு நூலகத்தின் சுவரில் தமிழைச் சிதைத்து ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

யூனிகோடில் ‘கொ’ என்பது க, ஒகரக் குறி என்று இரண்டே குறியீடுகள். எழுதும்போதோ கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்கள் வேண்டும். குறியைப் பிரிப்பது, கொம்பை முன்னே நகர்த்துவது, ‘கு’வுக்கான கூட்டு வடிவை எழுத்துருவிலிருந்து எடுப்பது எல்லாம் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியின் வேலை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் நாம் தமிழ் படிப்பது அதன் தயவில்தான். பைத்தானில் படம் வரைய உதவும் பில்லோ, ரக்ம் என்ற இன்னொரு லைப்ரரி வழியாக அதை அணுகுகிறது. என் மடிக்கணினியில் பில்லோவின் ஆயத்தப் பொதியிலேயே ரக்ம் இருந்தது. பலகைக்கு ஆயத்தப் பொதி கிடைக்காததால், பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவி பில்லோவை மூல நிரலிலிருந்து அங்கேயே கம்பைல் செய்தது. ரக்ம் இல்லை என்றதும் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை விட்டுவிட்டது.

உங்கள் லினக்ஸின் களஞ்சியத்தில் இந்த லைப்ரரிகளின் புதிய பதிப்பு இருந்தால் அதையே நிறுவுங்கள். என் பலகையில் இருந்தது டெபியன் என்ற லினக்ஸின் பழைய பதிப்பு என்பதால் மூல நிரலை எடுத்தேன். வரிசை இதுதான்: ஃப்ரிபிடி, ஹார்ஃப்பஸ், ரக்ம், கடைசியில் பில்லோ. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான ஃப்ரிபிடி தமிழுக்குத் தேவையில்லை. ஆனால் ரக்ம் அதைக் கேட்கும். அதைக் கட்டும்போது ஆவணங்களை உருவாக்கும் விருப்பத்தை அணைத்துவிட்டால் வேலை சுருக்கமாக முடியும்.

எல்லாவற்றையும் வீட்டுக் கோப்புறைக்குள் ஒரே இடத்தில் நிறுவினேன். கணினி முழுவதற்குமான இடத்தில் புதிய ஹார்ஃப்பஸை வைத்தால் மற்ற நிரல்களும் அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். மூல நிரலைக் கட்டத் தயார்செய்யும் மெசான் கருவிக்கு நிறுவும் இடத்தைச் சொல்லும்போது லைப்ரரிக் கோப்புறையின் பெயர் வெறும் ‘லிப்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெபியனில் செயலியின் பெயரில் உள்ளே இன்னொரு கோப்புறை உருவாகும். அடுத்து ரக்மைக் கட்டும்போது, ‘லிப்’ கோப்புறையில் தேடச் சொல்லியிருந்தாலும் ‘ஹார்ஃப்பஸ் காணவில்லை’ என்று மெசான் நின்றுவிடும்.

ஹார்ஃப்பஸ் சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது. மெசான் தயார்செய்ததைக் கட்டி முடிக்கும் நிஞ்ஜா என்ற கருவி, எல்லாக் கோர்களிலும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்யத் தொடங்கியதும் பலகையின் நினைவகம் நிரம்பி, கம்பைலர் பாதியில் கொல்லப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரே வேலை என்று நிஞ்ஜாவைக் கட்டுப்படுத்தியதும் மெதுவாக, ஆனால் முழுதாக முடிந்தது. அதற்கு முன் மெசான் இறுதியில் காட்டும் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். ஜிலிப், ஃப்ரீடைப் போன்ற துணை லைப்ரரிகளின் மேம்பாட்டுப் பொதிகள் இல்லையென்றாலும் பிழை காட்டாது. அந்த வசதிகளை மட்டும் விட்டுவிடும். எனக்கு ஜிலிப் கட்டாயம் வேண்டும். ஒரு சொல் எந்தெந்த வடிவங்களாக மாறுகிறது என்று காட்ட ஹார்ஃப்பஸுடன் வரும் எச்பி-ஷேப் கருவி அது இல்லாமல் கட்டப்படவில்லை.

அந்தக் கருவிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் ‘கொ’வையும் கொடுத்தேன். கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்கள் சரியான வரிசையில் வந்தன. மூன்றின் பக்கத்திலும் 0 என்ற ஒரே எண். மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து என்று அந்த லைப்ரரி அறிந்து வைத்திருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெரிய மகிழ்ச்சி அது.

பில்லோவைக் கட்டும்போது ரக்ம் கட்டாயம் என்று பிப்புக்குச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அது இல்லையென்றால் கட்டுமானம் பிழை காட்டி நிற்கும். இன்னொன்று: முன்பு கட்டிய ரக்ம் இல்லாத பொதியைப் பிப் தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும். மறுபடி நிறுவச் சொன்னால் அதையே எடுத்துத் தரும். அந்தச் சேமிப்பைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நிறுவிய பிறகும் நிரல் ஓடும்போது லைப்ரரிகளைக் கண்டுபிடிக்க, வீட்டுக் கோப்புறையின் பாதையைச் சூழல் மாறியில் கொடுக்க வேண்டும். சீட்டு நிரல் கணினியுடன் தானாகத் தொடங்குவதால், அதன் தொடக்கக் கோப்பிலேயே அந்த வரியைச் சேர்த்தேன்.

இப்போது ‘கொங்கு’ சரியாக அச்சாகிறது. கட்டிய பில்லோ பொதியையும் லைப்ரரிக் கோப்புறையையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். அதே டெபியனும் அதே பைத்தான் பதிப்பும் உள்ள இன்னொரு பலகை வந்தால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை.