11 ஸாரி

முதல் செஷன் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது தெரபிஸ்ட் சொன்னார்: "இன்னைக்கு நீங்க 11 தடவை ஸாரி சொல்லியிருக்கீங்க." நான் உடனே "ஸாரி" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வெளியே வந்துதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்காலியைச் சத்தத்தோடு இழுத்ததற்கு ஒன்று, அழுததற்கு ஒன்று, டிஷ்யூ எடுத்ததற்கு ஒன்று. மற்ற எட்டும் எதற்கென்றே தெரியவில்லை.

நான் அங்கே போனதற்குப் பெரிய துயரம் எதுவும் காரணமில்லை. ஆபீஸில் ஒரு ப்ராஜெக்டைத் தலைமை ஏற்று நடத்தச் சொன்னார்கள். வீட்டில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி நழுவினேன். என்னைவிட மூன்று வருடம் ஜூனியர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு, நான் எழுதிவைத்த குறிப்புகளை வைத்தே அழகாக முடித்தார். அவர் மேல் பொறாமை வந்திருந்தால்கூடச் சரி. எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

உண்மையில் இவர் எனக்கு இரண்டாவது தெரபிஸ்ட். முதலில் பார்த்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "உங்ககிட்ட எவ்வளவோ திறமை இருக்கு, பாசிட்டிவா யோசிங்க" என்பார். பாராட்டை நம்பத் தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே போகப்போகிறேன்? இரண்டு செஷனோடு நிறுத்திவிட்டு, தெரபியே நமக்குச் சரிப்படாது என்று நாலு மாதம் சும்மா இருந்தேன். செருப்பு கடிக்கிறது என்று நடப்பதையே விட்ட கதை.

புதியவர் பாராட்டவே இல்லை. தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்று நேராகக் கேட்டார். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் இந்தக் கேள்விகள் என்றார். அப்புறம் ஒரு தாளை நீட்டினார். மோரிஸ் ரோசன்பெர்க் என்ற சமூகவியலாளர் 1965-ல் வெளியிட்ட சுயமதிப்பு அளவுகோல் அது. பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறோம் என்று குறிக்க வேண்டும். 30-க்கு 9 வந்தது. இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை, புறப்பட்ட இடத்தைக் குறித்துவைக்கத்தான் என்றார்.

என்னிடம் அவர் கையாண்டது சிபிடி என்று சொல்லும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய, எண்ணத்தையும் பழக்கத்தையும் சோதித்து மாற்றிப் பார்க்கும் முறை. பெயரைக் கேட்டு மிரண்டேன். நடந்ததோ வெறும் பேச்சு, அதுவும் இமெயில் பற்றி.

"ஒரு மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி எத்தனை தடவை படிப்பீங்க?"

"ஏழெட்டு."

"தப்போட போயிட்டா?"

"கவனிப்பாங்க."

"கவனிச்சா?"

"இவளுக்கு வேலை தெரியலைன்னு நினைப்பாங்க."

"நினைச்சா?"

"உண்மை தெரிஞ்சிடும்."

"என்ன உண்மை?"

பதில் தொண்டை வரை வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் எதுக்கும் லாயக்கில்லைங்கிறது" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே விசித்திரமாக இருந்தது. ஒரு எழுத்துப்பிழையில் ஆரம்பித்து ஐந்தே கேள்வியில் அங்கே போய் நின்றிருக்கிறேன்.

அந்த வாக்கியத்தை முதன்முதலில் எங்கே கேட்டேன் என்று தேடினோம். எனக்கு எட்டு வயது. அப்பா ஏதோ மின்சாரப் பெட்டியைப் பழுதுபார்க்கிறார், நான் டார்ச் பிடிக்கிறேன். வெளிச்சம் அவர் கையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்க்கிறது. "ஒரு டார்ச்சைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியலையா, குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவசரத்தில் இருந்த ஒரு மனிதர். டார்ச் போன பிறகும் கையை அப்படியே மடக்கி வைத்துக்கொண்டு நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதுபோலச் சின்னச் சின்னதாக நிறைய இருந்தன. தெரபிஸ்ட் அப்பாவைக் குற்றவாளி ஆக்கிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ, "அந்த எட்டு வயசுப் பொண்ணு எழுதின தீர்ப்பை இன்னும் யாரும் அப்பீல் பண்ணலை" என்று மட்டும் சொன்னார்.

சுயமதிப்புக் குறைவு பற்றி மெலனி ஃபென்னல் என்ற உளவியலாளர் 1997-ல் எழுதிய ஒரு விளக்கத்தைத் தாளில் வரைந்து காட்டினார். அடியில் அந்தத் தீர்ப்பு. அது வெளியே தெரியாமலிருக்க நாமே போட்டுக்கொள்ளும் சட்டங்கள் மேலே. 'தப்பே செய்யக் கூடாது', 'யாருக்கும் முடியாது என்று சொல்லக் கூடாது'. சட்டத்தைக் கடைப்பிடிக்கும் வரை தீர்ப்பு சோதனைக்கே வராது. நான் ப்ராஜெக்டை விட்டு நழுவியபோது வந்த நிம்மதி எதனுடையது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் அடுத்த வேலை, சட்டத்தை மீறிப் பார்ப்பது. ஐந்து மெயில்களை ஒரே முறை படித்துவிட்டு அனுப்ப வேண்டும். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். 'மூன்று பேராவது தப்பைச் சொல்லிக் காட்டுவார்கள், 90 சதவீதம் நிச்சயம்' என்று எழுதினேன். நாலு மெயிலுக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாவதில் அட்டாச்மென்ட் வைக்க மறந்திருந்தேன். "ஃபைல் வரலையே" என்று பதில் வந்தபோது வயிறு கலங்கியது. அனுப்பினேன். "கிடைச்சுது, நன்றி."

அடுத்த செஷனில், ஏதோ ஜெயித்த மாதிரி, "பார்த்தீங்களா!" என்றேன். "பார்த்தேன். நீங்க பயந்தது நடந்திருக்கு. அதுக்கப்புறம் என்ன நடந்துது?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

தினம் இரவு, அன்று செய்த மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுதச் சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் வாரம் நோட்டு காலி. இரண்டாவது வாரம் எழுதியதில் எல்லா வரியிலும் 'ஆனால்' இருந்தது. 'மீட்டிங்கில் கேள்வி கேட்டேன், ஆனால் குரல் நடுங்கியது.' அவர் பேனாவை எடுத்து 'கேட்டேன்' பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்து மீதியை அடித்தார். அப்புறம் அந்த வேலையை நானே செய்ய வேண்டியதாயிற்று. ஒரு சொல்லை எழுதாமல் விடுவது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை.

எட்டாவது வாரத்தில் எல்லாம் மோசமானது. அக்கா கேட்ட ஒரு உதவிக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, "இந்த வாரம் முடியாதுக்கா" என்றேன். "தெரபி போக ஆரம்பிச்சதுலேர்ந்து நீ ரொம்பத்தான் மாறிட்ட" என்றாள். இரண்டு நாள் தூங்கவில்லை. நாம் குனிந்தே இருந்த வரை சுற்றியிருப்பவர்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்கிறது. நிமிரும்போது இடிக்கத்தான் செய்யும். அக்கா மூன்று வாரத்தில் சரியானாள். ஒரு நண்பர் இன்றுவரை சரியாகவில்லை. பரவாயில்லை.

நடுவில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். பல வருட ஆசை, 'இந்த வயசுல போய் அசிங்கப்படணுமா' என்று தள்ளிப்போட்டது. இப்போதும் மோசமாகத்தான் நீந்துகிறேன். மூக்கில் தண்ணீர் ஏறுகிறது, ஏழு வயதுக் குழந்தைகள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். மோசமாகச் செய்துகொண்டே ஒன்றை ரசிக்க முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

16-வது செஷன் கடைசி. அதே தாளை மறுபடி நீட்டினார். 19 வந்தது. "30 வரலையே?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிரவு நோட்டில் '19' என்று எழுதி, பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்தேன்.