ஓவர்டைம் தந்த போர்

மொசாம்பிக் எல்லையோரத் தென்னாப்பிரிக்க ஊரான கோமாட்டிப்போர்ட்டில் சுங்கத் தாள் தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் மனப்பாடம் செய்தது சரக்குக் குறியீட்டு எண்களைத்தான். குரோம் தாதுவுக்கு ஒன்று, நிலக்கரிக்கு ஒன்று, நெல்ஸ்புரூட் பக்கத்து ஆரஞ்சுக்கு ஒன்று. இன்வாய்ஸில் இருக்கும் எடையும் எங்கள் தாளில் இருக்கும் எடையும் ஒத்துவராவிட்டால் லெபோம்போ எல்லை வாயிலில் லாரி நின்றுவிடும். லாரி நின்றால் டர்பனிலிருந்து முதலாளி கூப்பிடுவார். தென்னாப்பிரிக்காவும் மொசாம்பிக்கும் பகை தீர்ந்த கதையை நான் கற்றுக்கொண்டது இந்த மேசையில் உட்கார்ந்துதான்.

பகை தீர்ந்ததாக முதலில் அறிவித்ததும் இதே ஊருக்கு அருகில்தான். 1984 மார்ச் 16 அன்று இன்கோமாட்டி ஆற்றங்கரையில் தென்னாப்பிரிக்கப் பிரதமர் பி.டபிள்யூ. போத்தாவும் மொசாம்பிக் அதிபர் சமோரா மஷேலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வெள்ளையர் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஏ.என்.சி. போராளிகளுக்குத் தளம் தரமாட்டோம் என்றது மொசாம்பிக். மொசாம்பிக் அரசோடு போரிட்ட ரெனாமோ கலகப்படைக்கு உதவமாட்டோம் என்றது தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியா. மொசாம்பிக் பெரும்பாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பிரிட்டோரியாவின் ராணுவம் காப்பாற்றவில்லை. மறு ஆண்டே கொரொங்கோசாவில் ரெனாமோவின் தலைமை முகாம் பிடிபட, அங்கே கிடைத்த நாட்குறிப்புகள் அதை அம்பலப்படுத்தின. 1986 அக்டோபர் 19 அன்று மஷேல் வந்த விமானம் ம்புசினி மலையில் விழுந்தது. அது தென்னாப்பிரிக்க மண், எங்கள் அலுவலகத்துக்குத் தெற்கே. விமானிகளின் பிழை என்றது தென்னாப்பிரிக்க விசாரணைக் குழு. பொய்ச் சமிக்ஞை காட்டி விமானத்தைத் திசைதிருப்பினார்கள் என்றது விமானிகளை அனுப்பியிருந்த சோவியத் தரப்பு. நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைந்த உண்மை அறியும் ஆணையமும் தோண்டிப் பார்த்தது. தீர்ப்பாக ஒன்றும் வரவில்லை.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். புத்தகத்தில் கிடைக்காத ஒன்றைச் சொன்னவர் எங்கள் அலுவலகத்துப் பெரியவர். டர்பன் பக்கத்து டோங்காட்காரர், எல்லோருக்கும் அவர் ஐயா. எண்பதுகளில் டர்பன் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் எழுத்தராக இருந்தவர். தைப்பூசக் காவடிக்கு ஊருக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் உங்களுக்கு மொசாம்பிக் போர் தெரிந்ததா என்று கேட்டேன். "தெரியாமல் என்ன தம்பி? அங்கே தண்டவாளம் வெடித்தால் இங்கே எனக்கு ஓவர்டைம். என் வீட்டுப் பின்கட்டு முழுக்க அந்தக் காசுதான்" என்றார். வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை; சம்பளக் கணக்குச் சொல்கிற குரல்.

கணக்கு சரிதான். ஜொகானஸ்பர்க் சுரங்கங்களுக்கு மொசாம்பிக் தலைநகர் மபூட்டோதான் இயல்பான துறைமுகம். பிரிட்டோரியாவிலிருந்து அங்கே 1895லேயே ரயில் திறந்துவிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் துறைமுகம் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கையாண்டது. போர் வந்து பாதை அறுந்ததும் சரக்கு டர்பனுக்கும் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கும் திரும்பியது. டர்பன் துறைமுகத்தை நம்பிப் பிழைத்த நம்மவர் வீடுகளில் அடுப்பு எரிந்ததற்கு அந்தப் போரும் ஒரு காரணம். நாமும் அந்த நிறவெறி ஆட்சியில் வாக்குரிமைக்காக அடிபட்டவர்கள் என்பது உண்மை. இதுவும் உண்மை. போரால் எல்லோருக்கும் நட்டம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஐயாவின் பின்கட்டுதான் நினைவுக்கு வரும்.

அதைவிட விசித்திரம் கஹோரா பாஸா மின்பாதை. மொசாம்பிக்கின் சாம்பேசி ஆற்று அணையிலிருந்து ஜொகானஸ்பர்க் பக்கம் வரை 1,420 கிலோமீட்டர். மின்சாரத்தை வாங்குவது தென்னாப்பிரிக்கா. அந்தப் பாதையின் கோபுரங்களை ஏறக்குறைய இரண்டாயிரம் என்ற கணக்கில் சாய்த்தது ரெனாமோ. ரெனாமோவுக்கு ஆயுதம் கொடுத்ததும் தென்னாப்பிரிக்கா! போர் முடிந்து, கண்ணிவெடி அகற்றி, கோபுரங்களை நிறுத்தி, மறுபடி மின்சாரம் வருவதற்குத் தொண்ணூறுகளின் இறுதி ஆகிவிட்டது.

1992 அக்டோபர் 4 அன்று ரோமில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்தது. 1994இல் இரண்டு நாடுகளிலும் தேர்தல். 1996இல் ஜொகானஸ்பர்க் பக்கத்தை மபூட்டோவோடு இணைக்கும் மபூட்டோ வழித்தடத் திட்டம், பிறகு என்4 சுங்கச் சாலை. இவற்றைவிட 2005இல் விசாவை நீக்கியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டிசம்பரில் லெபோம்போவுக்கு வந்து பாருங்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ஆண்டு முழுக்க உழைத்த மொசாம்பிக்காரர்கள் ஊர் திரும்புவார்கள். வண்டிக்குப் பின்னால் இழுவைப்பெட்டி. அதில் குளிர்பெட்டி, மெத்தை, பிளாஸ்டிக் பீப்பாய், எல்லாவற்றுக்கும் மேலே தலைகீழாகக் கட்டிய குழந்தை சைக்கிள். ஒரு கை கடவுச்சீட்டைக் கொடுக்க, மற்றொரு கை கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு அரிசிக்கு வரி உண்டா என்று எங்கள் அலுவலகத்துக்கே வந்து கேட்பார்கள். எங்கள் வேலை இல்லைதான். ஐயா எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

எதிர்ப்பக்கம் ரெஸ்ஸானோ கார்சியாவில் எங்கள் தாள்களை வாங்கிக்கொள்ளும் பெண் எழுத்தர் ஒருவர். போரின்போது அவருடைய தந்தை எல்லையோர க்ரூகர் விலங்குக் காட்டுக்குள் நடந்து இந்தப் பக்கம் தப்பி வந்தவர். எல்லையில் அப்போது ஆளைக் கொல்லும் மின்வேலி இருந்தது. காட்டில் சிங்கம் இருந்தது. "சிங்கத்துக்கு இரை கிடைத்தால் விட்டுவிடும், வேலிக்கு அதுகூடத் தெரியாது என்று அப்பா சொல்வார்" என்றார் ஒருமுறை. சொல்லிவிட்டு, குரோம் லாரி ஒன்றுக்கு எடைச்சீட்டு இல்லை என்று என்னைத் திட்டினார்.

2008 மே மாதம் ஜொகானஸ்பர்க் புறநகர்களில் அயல்நாட்டவர் என்று சொல்லி மக்களை வேட்டையாடினார்கள். நாடு முழுக்க 62 பேர் செத்தார்கள். ஆயிரக்கணக்கான மொசாம்பிக்காரர்கள் மூட்டைமுடிச்சோடு பஸ்ஸில் இதே வாயில் வழியாகத் திரும்பினார்கள். அந்த வாரமும் எங்கள் லாரிகள் தடையில்லாமல் போயின. இரண்டு அரசுகளுக்கும் இடையே ஒரு சச்சரவும் இல்லை. எங்கள் தாள்களிலும் ஒரு பிழையும் இல்லை. அரசுகளின் சமாதானத்துக்குக் கணக்கு எழுதத் தெரிந்த எனக்கு, இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

2024 நவம்பரில் மொசாம்பிக் தேர்தல் கலவரத்தில் வாயிலையே மூடினார்கள். சுரங்கக் கம்பெனிகள் பதறின, மபூட்டோ துறைமுகம் பதறியது, இரு பக்கத்து அதிகாரிகளும் ஓடி ஓடிப் பேசினார்கள். 1984இல் இப்படிப் பதற யாரும் இல்லை. இன்று எல்லை மூடினால் பிரிட்டோரியாவுக்கும் வலிக்கிறது. அந்த வலியை ஆற்றங்கரைக் கையெழுத்தைவிட நான் அதிகம் நம்புகிறேன்.

ஆனாலும் கையெழுத்துப் பழக்கம் விடவில்லை. லெபோம்போவில் இரு நாட்டுச் சோதனையையும் ஒரே இடத்தில் முடிக்கலாம் என்று 2007இல் ஒப்பந்தம் போட்டார்கள். நான் அங்கே வேலை பார்த்தவரை டிரைவர்கள் இந்தப் பக்கம் ஒரு முத்திரை, அந்தப் பக்கம் ஒரு முத்திரை என்று இறங்கி ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆரஞ்சு லாரியின் குளிர்ப்பெட்டி அதுவரை டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும். டீசல் காசை யார் தருவது என்று டிரைவர் என்னைக் கேட்பார். முதலாளியைக் கேளுங்கள் என்பேன்.