பிஸ்கட் டின்னில் கிடந்த கடிதம்

இந்த வருஷம் தைப்பூசக் காவடி முடிந்த மறு ஞாயிறு, சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டுக் கதவு பகலில் திறந்தேதான் கிடக்கும். அன்று அவனே உள்ளே வந்து சாத்தினான். 46 வயது, பிளம்பர், கலகலவென்று பேசுகிற ஆள். "அக்கா, நீங்க வக்கீல் ஆபீஸ்ல இருந்தவங்க, ஒண்ணு கேக்கணும்" என்றவன், கேட்பதற்குள் இரண்டு கப் டீ ஆறிப்போயிற்று.

1989இல், அவனுடைய 10 வயதில், கோயில் தேவார வகுப்பில் நடந்தது. ஒரு பிள்ளைக்கு நடக்கக் கூடாத பாலியல் கொடுமை. விவரத்தை இங்கே எழுத மாட்டேன். கோயில் பெயரும் வேண்டாம். சொல்லிக்கொடுத்த ஆள் செத்துப்போய்ச் சில வருஷம் ஆகிறது. தம்பி இப்போதைய கோயில் நிர்வாகக் குழுவில் உள்ள ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆதாரம் இருக்கா? பார்த்தவங்க யாராவது உண்டா?"

அந்தக் கேள்வியோடுதான் என்னிடம் வந்தான். டர்பனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 22 வருஷம் டைப் அடித்தவள் நான். வக்கீல் இல்லை, ஆனால் எந்தக் காகிதம் வழக்கை நிமிர்த்தும், எது கவிழ்க்கும் என்று பார்த்திருக்கிறேன். பெரியவரின் கேள்வியே தப்பு. இந்த மாதிரிக் காரியத்தை யாராவது ஆள் கூட்டி வைத்துக்கொண்டு செய்வார்களா? பாதிக்கப்பட்டவனின் வாய்ச்சொல்லே சாட்சியம்தான். ஆள் செத்துவிட்டதால் கிரிமினல் வழக்குக்கு வழியில்லை. கோயில் அமைப்பின் மேல் நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கக் கதையில் எது நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று நீதிபதி எடை போடுவார். தராசு தம்பி பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால் போதும்.

ஆனால் நடந்தது என்று நம்பவைத்தால் மட்டும் காசு வராது. கோயில் ஏன் பொறுப்பு என்பதையும் காட்ட வேண்டும். அங்கேதான் பல வழக்குகள் நொண்டுகின்றன. குழு என்ன சொல்லும் என்று இப்போதே எனக்குத் தெரியும்: "அவர் சம்பளம் வாங்காத தொண்டர், அவர் செய்த பாவத்துக்கு நாங்கள் என்ன செய்வோம்?" 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. ராத்திரியில் வண்டி இல்லாமல் நின்ற பெண்ணை, சீருடையில் வேலையில் இருந்த மூன்று போலீஸ்காரர்கள் வீட்டில் விடுவதாக ஏற்றிப்போய்ப் பலாத்காரம் செய்தார்கள். அரசாங்கம் பொறுப்பு என்றது நீதிமன்றம். அவர்கள் தங்கள் இச்சைக்காகச் செய்ததுதான், ஆனாலும் அந்த வேலைக்கும் அந்தக் குற்றத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. அவள் நம்பி ஏறியது சீருடையைப் பார்த்துத்தானே. கோயிலுக்கும் இதே கேள்விதான் வரும் என்பது என் கணிப்பு. பிள்ளையை அந்த ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? கோயில் கொடுத்த இடம், கோயில் கொடுத்த சாவி, "வாத்தியார்" என்ற பட்டம்.

அதனால் நான் முதலில் கேட்டது சின்னச் சின்ன விஷயங்கள். வகுப்பறைச் சாவி யாரிடம் இருந்தது? பரிசளிப்பு விழா அச்சு நிகழ்ச்சி நிரலில் அந்த ஆள் பெயர் வாத்தியார் என்று வந்ததா? வேனில் பிள்ளைகளை ஏற்றிப்போனால் பெட்ரோல் காசு யார் கொடுத்தது? எல்லாவற்றுக்கும் மேல், குழுவுக்கு முன்பே தெரியுமா? அது தெரிவது மினிட்ஸ் புத்தகத்தில், அதாவது கூட்டக் குறிப்பேட்டில். நம்ம கோயில்களில் விளக்கெண்ணெய் வாங்கியதைக்கூட மினிட்ஸில் எழுதுவார்கள், அந்தப் பழக்கத்தை நான் கும்பிடுகிறேன்.

வழக்குப் போட்டபின் டிஸ்கவரி என்று ஒரு கட்டம் உண்டு. கையில் உள்ள சம்பந்தப்பட்ட காகிதத்தையெல்லாம் எதிர்த்தரப்பு சத்தியம் செய்து பட்டியல் போட வேண்டும். அதில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று, "எங்களிடம் இருந்தது, இப்போது இல்லை" என்பவற்றுக்கு. எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். வெள்ளத்தில் போயிற்று, கரையான் அரித்தது, பழைய செயலாளர் வீட்டில் இருக்கலாம். அந்த வரிகளும் பேசும். ஐந்து வருஷப் புத்தகம் இருந்து நடுவில் ஒன்று மட்டும் காணோம் என்றால் நீதிபதி கண்ணை மூடிக்கொண்டா இருப்பார்?

தம்பியிடம் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொன்னேன். அதே வகுப்பில் இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் இப்படி நடந்ததாம். அவர்கள் சொல்வது இவன் சொல்வதோடு ஒத்துப்போனால் பெரிய பலம். ஆனால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி நினைவைச் சரிபார்த்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே கிழித்துவிடுவார். தனித்தனியாகப் போய் வக்கீலிடம் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் பேசியதை வெட்டி ஒட்டாதே, அழிக்காதே. ஞாபகம் வருவதை எழுது, ஆனால் எழுதுகிற தேதியைப் போட்டு எழுது. இன்னொன்று, அந்த ஆள் உயிரோடு இருந்து இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தால், காகிதம் தேட நேரமில்லை. 2007ஆம் வருஷப் பாலியல் குற்றச் சட்டப்படி, பிள்ளைக்கு நடந்தது தெரிந்தவர் யாராயிருந்தாலும் உடனே போலீசில் சொல்லியாக வேண்டும்.

"36 வருஷம் ஆச்சே, அக்கா" என்றான். பணம் கேட்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருஷக் கெடு. ஆனால் 2004இல் புளூம்ஃபொன்டைன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வான் ஜைல் வழக்கில் வேறு மாதிரிச் சொன்னது: சிறுவயதில் இப்படிச் சிக்கியவர், குற்றம் தன்மேல் இல்லை, அந்த ஆள்மேல்தான் என்று உண்மையாக உணரும்வரை கெடு ஓட ஆரம்பிக்காது. பிறகு சட்டத்திலும் திருத்தம் வந்தது. கெடு முடிந்துவிட்டது என்று வாதாடுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். என்றாலும், ஏன் இத்தனை நாள் என்பதற்கு மனநல நிபுணரின் அறிக்கை கையில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பும் தன் நிபுணரிடம் அனுப்பும். அதற்கு மனதைத் தயார்செய்யச் சொன்னேன்.

சித்தி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. 1989இல் ஒரு நாள் அவள் எங்கள் அம்மாவிடம் அழுததை நான் பார்த்திருக்கிறேன். என்ன சொன்னாள் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். செத்தவர் சொன்னதைச் சொல்வது செவிவழிச் செய்தி. ஆனால் நியாயத்துக்கு அவசியமென்றால் நீதிபதி அதை ஏற்க 1988 சட்டத்திருத்தம் இடம் கொடுக்கிறது. அம்மாவுக்கு 87. இந்த மாதமே வாக்குமூலம் வாங்கிவிட வேண்டும்.

சித்தி எதையும் தூக்கிப் போடமாட்டாள். போன வாரம் அவள் அலமாரியில் ஒரு பேக்கர்ஸ் பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே தம்பியின் பள்ளி ரிப்போர்ட் புத்தகங்கள். ஸ்டாண்டர்ட் 3 (இப்போதைய ஐந்தாம் வகுப்பு) முதல் பருவத்தில் வகுப்பில் நான்காவது, கடைசிப் பருவத்தில் 31ஆவது. அடியில் கோயில் முத்திரை போட்ட ஒரு கடிதம், 1990 மார்ச். செயலாளர் கையெழுத்து. "உங்கள் கடிதம் கிடைத்தது. குழு கவனிக்கும்." அவ்வளவுதான். சித்தி என்ன எழுதினாள் என்று அதில் இல்லை. ஆனால் அவள் எழுதினாள், அவர்களுக்குக் கிடைத்தது. அப்படியானால் அந்தக் கடிதம் அவர்கள் கோப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் அட்டவணையில் வர வேண்டும்.

தம்பி அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போனான். கையைப் பிடித்துவிட்டேன். பிளாஸ்டிக் உறையில் போடு, துளை போடாதே, ஸ்டேப்பிள் அடிக்காதே, எந்தத் தேதி யார் முன்னால் எடுத்தாய் என்று தனிக் காகிதத்தில் எழுது என்றேன். செவ்வாய்க்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.

"டின்னையும் கொண்டு வரணுமா, அக்கா?"

"டின்னோட கொண்டு வாப்பா."