வலேரியனை எந்த வரிசையில் படிப்பது

வலேரியன், லோரலீன் கதைகளை எங்கிருந்து தொடங்குவது என்று யார் கேட்டாலும் நான் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: நான்காம் ஆல்பம், அதாவது நான்காவது காமிக்ஸ் புத்தகம். 'வெல்கம் டு ஆல்ஃப்லோலோல்'. அதைப் படித்து முடித்த பிறகு மற்றதைப் பேசலாம்.

பிரெஞ்சு காமிக்ஸில் விண்வெளிக் கதை என்றாலே முதலில் நினைவுக்கு வரும் தொடர் இது. எழுதியவர் பியேர் கிறிஸ்தான், வரைந்தவர் ழான்-குளோத் மெஸியேர், வண்ணம் தீட்டியவர் மெஸியேரின் சகோதரி எவ்லின் திரான்லே. 1967 நவம்பரில் 'பிலோத்' வார இதழில் தொடங்கி, 2010-ல் 21-ஆம் ஆல்பத்தோடு பெரிய கதை முடிந்தது. அதற்குப் பின்னும் சில தொகுப்புகள் வந்தன. 40 வருடத்துக்கும் மேலாக அதே மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. நடுவில் எழுத்தாளர் மாறவில்லை, ஓவியர் மாறவில்லை. அமெரிக்க சூப்பர் ஹீரோ தொடர்களைப் போல எந்த இதழுக்கு முன் எந்த இதழ் என்று அட்டவணை போட்டுப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதுகில் எண் இருக்கிறது, வரிசையாகப் படித்தால் போதும் என்றுதான் தோன்றும்.

என் அக்கா மகளும் அதையே கேட்டாள். லுக் பெஸோன் 2017-ல் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "சித்தி, உங்க அலமாரியில இருக்கிறது இதோட புக்குதானே? ஒண்ணுலேருந்து படிச்சிட்டு வரட்டுமா?" என்றாள். "ஒண்ணு அப்புறம் தர்றேன், முதல்ல இதைப் பிடி" என்று நான்கைக் கொடுத்தேன். அவளுக்குப் புரியவில்லை. ஏன் என்று அப்போது சொல்லாமல் விட்டதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்தத் தொடர் ஆரம்பத்தில் வலேரியன் ஒருவனின் தொடர். 28-ஆம் நூற்றாண்டுப் பூமியின் தலைநகரம் கேலக்சிட்டி. அதன் காலவெளி முகவர்களில் ஒருவன் அவன். 'பேட் ட்ரீம்ஸ்' என்ற அந்த முதல் கதை 30 பக்கம்தான். ஸோம்புல் என்ற துரோகியைத் துரத்திக்கொண்டு 11-ஆம் நூற்றாண்டு பிரான்ஸுக்குப் போகிறான், மந்திரக் காட்டில் மாட்டிக்கொள்கிறான், லோரலீன் என்ற பெண் அவனைக் காப்பாற்றுகிறாள். அந்த ஒரு கதையோடு அவளை விட்டுவிடுவதாகத்தான் திட்டம். வாசகர்களுக்கு அவளைப் பிடித்துப்போனதால் தங்கிவிட்டாள். படங்களிலும் மெஸியேர் அப்போது இன்னும் நகைச்சுவைக் காமிக்ஸ் பாணியில்தான் இருந்தார்: பெரிய மூக்கு, ரப்பர் கைகால். அதை அடுத்து வந்த எண் 1 'தி சிட்டி ஆஃப் ஷிஃப்டிங் வாட்டர்ஸ்' தொடங்கும்போதும் அந்தச் சாயல் விடவில்லை. இதை முதலில் கையில் எடுக்கும் இன்றைய வாசகருக்குப் பழைய சாகசக் கதை ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். லோரலீன் யார் என்று தெரியாமலே புத்தகத்தை மூடிவிடுவார்.

'ஆல்ஃப்லோலோல்' 1972-ல் வந்தது. டெக்னோரோக் என்ற கிரகம் முழுக்கச் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும். கேலக்சிட்டிக்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. ஆள் இல்லாத கிரகம் என்று நினைத்துக் குடியேறியிருக்கிறார்கள். மிக மிக நீண்ட ஆயுள் கொண்ட ஒரு குடும்பம் விண்வெளியில் சுற்றிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்புகிறது. அந்த ஊர் இந்தக் கிரகம்தான். அவர்களுக்கு அது ஒரு சின்னப் பயணம், நம் கணக்கில் 4,000 வருடம். வந்து பார்த்தால் வேட்டையாடிய சமவெளியில் ஆலைகள். சட்டப்படி அவர்களை விரட்ட முடியாது, உற்பத்தியை நிறுத்தவும் ஆளுநருக்கு மனமில்லை. ஆகவே ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கிறார், சோறு வேண்டுமானால் வேலை செய் என்கிறார். வலேரியன் மேலிடத்து உத்தரவுக்கும் மனசாட்சிக்கும் நடுவே தத்தளிக்கிறான். லோரலீன் ஒரு நொடி தயங்கவில்லை, அந்தக் குடும்பத்தோடு போய் நின்றுகொள்கிறாள். இந்த இடத்தில்தான் தொடரின் குரல் மாறுகிறது. கிறிஸ்தான் 60-களில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் பாடம் நடத்தியவர், மெஸியேர் அதே பக்கத்தில் மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்தவர். அமெரிக்கப் பழங்குடிகளை எங்கே ஒதுக்கி வைத்தார்கள் என்பது இருவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

அதன்பின் எந்த ஆல்பத்தை எடுத்தாலும் என் கண் முதலில் அவளைத்தான் தேடும். 'தி லேண்ட் விதவுட் ஸ்டார்ஸ்' கதையில் உள்ளீடற்ற கிரகம் ஒன்று, அதற்குள் போரிட்டுக்கொண்டே இருக்கும் இரண்டு நகரங்கள். ஒன்றில் பெண்கள் ஆள்கிறார்கள், மற்றதில் ஆண்கள். 'அம்பாசடர் ஆஃப் தி ஷாடோஸ்' கதையில் தூதரோடு வலேரியனையும் கடத்திக்கொண்டு போய்விட, அண்டத்தின் எல்லா இனங்களும் கூடும் பாயின்ட் சென்ட்ரலில் அவள் தனியாகத் தேடி அலைகிறாள். படம் பெரும்பாலும் இந்த ஆல்பத்தை வைத்துத்தான் எடுக்கப்பட்டது. ஆனால் தலைப்பை இரண்டாம் ஆல்பத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள், அதனால் படம் பார்த்தவர்கள் தவறான புத்தகத்தை வாங்கி ஏமாந்துபோகிறார்கள். தகவல் விற்றுப் பிழைக்கும் ஷிங்கூஸ் மூவரும் முதன்முதலில் இதில்தான் வருகிறார்கள். 'ஹீரோஸ் ஆஃப் தி ஈக்வினாக்ஸ்' முழுக்க நான்கு கிரகங்களின் வீரர்கள் மோதும் போட்டி. கூட்டத்தோடு உட்கார்ந்து அதைப் பார்க்கும் லோரலீன் முகத்தை மெஸியேர் வரைந்திருப்பதற்காகவே மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

இவ்வளவும் படித்த பிறகு திரும்பிப் போய் 'பேட் ட்ரீம்ஸ்', 'ஷிஃப்டிங் வாட்டர்ஸ்' இரண்டையும் படியுங்கள். அந்தக் காட்டில் வந்து நிற்கும் பெண் யார், இனி என்னவாகப் போகிறாள் என்று உங்களுக்குத் தெரியும். சாதாரண சாகசக் காட்சியாகப் போயிருக்க வேண்டியது அப்போது வேறு மாதிரி இருக்கிறது.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய காரணம். அதைச் சொல்ல 12-ஆம் ஆல்பத்தின் முடிவைச் சொல்லியாக வேண்டும். தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

'ஷிஃப்டிங் வாட்டர்ஸ்' நடப்பது 1986-ல். வட துருவத்தில் ஹைட்ரஜன் குண்டுகள் வெடித்துப் பனி உருகி, நியூயார்க் மூழ்கிக்கொண்டிருக்கிறது. கேலக்சிட்டி என்ற நாகரிகமே அந்தப் பேரழிவுக்குப் பின் எழுந்ததுதான். 1968-ல் எழுதும்போது 1986 எட்டாத தொலைவு. தொடர் நிற்காமல் ஓடி, 80-கள் வந்துவிட்டன. நிஜ 1986-ல் உலகம் முழுகாவிட்டால் கதையின் அஸ்திவாரம் என்ன ஆவது? வேறு எழுத்தாளராக இருந்தால் தேதியைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டிருப்பார். கிறிஸ்தான் அந்தச் சிக்கலையே கதையாக்கினார். 9-லிருந்து 12 வரை நான்கு ஆல்பங்கள்: 'ஷாட்லே ஸ்டேஷன்', 'புரூக்ளின் ஸ்டேஷன்', 'தி கோஸ்ட்ஸ் ஆஃப் இன்வர்லாக்', 'தி ராத் ஆஃப் ஹிப்சிஸ்'. முதல் இரண்டில் வலேரியன் 1980-ன் பூமியில், லோரலீன் தொலைதூர காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில். இருவரும் மனத்துக்குள் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பிரிவை மெஸியேர் கட்டம் கட்டமாக வரைந்த விதம் இந்தத் தொடரின் உச்சம் என்பேன். பிறகு எல்லோரும் ஸ்காட்லாந்தின் ஒரு பழைய மாளிகையில் கூடுகிறார்கள், அங்கிருந்து ஹிப்சிஸ் கிரகத்துக்கு.

1985-ல் வந்த அந்தக் கடைசிப் பாகத்தின் முடிவில் பேரழிவு தடுக்கப்படுகிறது. அதனால் கேலக்சிட்டி இல்லாமல் போகிறது. பூமி பிழைத்தது, வலேரியனின் ஊர் தொலைந்தது. லோரலீன் பிறந்த ஊர் 11-ஆம் நூற்றாண்டில் அப்படியே இருக்கிறது, அவனுக்குத்தான் திரும்ப இடமில்லை. எண் வரிசைப்படி போனால் 1-க்கும் 9-க்கும் நடுவில் ஏழு ஆல்பங்கள். 12-க்கு வந்து சேரும்போது நீரில் நின்ற நியூயார்க் மங்கிப்போயிருக்கும். 'ஷிஃப்டிங் வாட்டர்ஸ்' படித்த கையோடு 9-ஐ எடுத்தால் எதை அழித்து எதைக் காப்பாற்றுகிறார்கள் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் கனக்கும்.

வாங்கும் வசதியும் இந்த வரிசைக்கு அழகாக ஒத்துப்போகிறது. சினிபுக் பதிப்பகம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஏழு தடித்த தொகுப்புகளாகப் போட்டிருக்கிறது. இரண்டாம் தொகுப்பில் 3, 4, 5. மூன்றில் 6, 7, 8. முதல் தொகுப்பில் 'பேட் ட்ரீம்ஸ்', 1, 2. நான்கில் 9 முதல் 12 வரை. ஆக இரண்டு, மூன்று, ஒன்று, நான்கு என்று எடுத்தால் போதும். இரண்டாம் தொகுப்பை மட்டும் நடுக்கதையில் திறந்துகொள்ளுங்கள்.

நான்காம் தொகுப்புக்குப் பின் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். ஒரு மாதம், இரண்டு மாதம், உங்கள் விருப்பம். அதன்பின் வரும் வலேரியனும் லோரலீனும் சம்பளமும் மேலதிகாரியும் இல்லாதவர்கள், கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கிறவர்கள். உடனே தொடர்ந்தால் அந்த மாற்றம் இறக்கமாகத் தெரியும். 13-ஆம் ஆல்பம் 'ஆன் தி ஃபிரான்டியர்ஸ்' கட்டாயம் படிக்க வேண்டியது. ஊரை இழந்த வேறொரு முகவர், அதை மீட்க அந்தப் பேரழிவையே மறுபடி வரவழைக்கப் பார்க்கிறார். அவரை வெறுக்க முடியவில்லை. 15-ஆம் ஆல்பம் 'தி சர்க்கிள்ஸ் ஆஃப் பவர்' கதையில் பறக்கும் டாக்ஸி வரும். அதிலிருந்துதான் 1997-ன் 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' படத்துக்கு டாக்ஸி போனது. மெஸியேர் அந்தப் படத்துக்கு வடிவமைப்பு செய்தவர்.

16, 17, 18 மூன்றும் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ஓவியம் குறையவில்லை, கதையில் அவசரம் குறைந்துவிட்டது. அவற்றை வேகமாகப் படிக்கலாம். கடைசி மூன்று ஆல்பங்களும் ஒரே கதை. அவற்றைத் தொடங்கும் முன் 12-ஐ ஒரு தடவை புரட்டிவிடுங்கள், ஹிப்சிஸில் பார்த்த ஆட்கள் திரும்ப வருகிறார்கள். 21-ஆம் ஆல்பமான 'தி டைம் ஓப்பனர்' முடிவைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. முதல் கதையை இடையில் படித்தவர்களுக்கு அது கூடுதலாகப் பேசும் என்று மட்டும் சொல்லலாம்.

40 வருடம் 'வலேரியன், காலவெளி முகவர்' என்றிருந்த தொடரின் பெயரை 2007-ல் 'வலேரியன், லோரலீன்' என்று மாற்றினார்கள். மெஸியேர் 2022-ல் போய்விட்டார், கிறிஸ்தான் 2024-ல். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வரிசை இனி நீளாது, இருப்பதை நிதானமாகப் படிக்கலாம்.

அக்கா மகள் இப்போது மூன்றாம் தொகுப்பில் இருக்கிறாள். ஷிங்கூஸ் மூவரும் அடுத்து எப்போது வருவார்கள் என்று தினமும் கேட்கிறாள். முதல் தொகுப்பை எடுத்து மேல்தட்டில் வைத்திருக்கிறேன், ஈக்வினாக்ஸ் முடிந்ததும் கொடுக்க.