மங்கு

என் கன்னங்களில் கருந்திட்டாகப் படர்ந்திருக்கும் மங்கு அம்மா வழி வந்த சொத்து. அவருக்கு இருந்த அதே கன்னமேடுகள், அதே மேலுதடு. நெற்றியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் குறைவு. யாராவது கேட்டால் அம்மா என்னைக் காட்டி, "இவள் வயிற்றில் இருந்தபோது வந்தது" என்பார். குறையாகச் சொன்னதில்லை. ஆனால் அந்த முகத்தைக் கெடுத்தவள் நான்தான் என்ற நினைப்பு சிறுவயதில் எனக்குள் ஊறிக் கிடந்தது.

கர்ப்ப காலத்தில் கூடும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது. கருத்தடை மாத்திரையாலும் வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். பிள்ளைக்கு இதில் பங்கே இல்லை. எனக்கும் என் மகள் வயிற்றில் இருந்தபோதுதான் வந்தது. "உனக்கு எப்போது வந்தது?" என்று அவள் கேட்டபோது "வெயிலில்" என்றேன். பாதி உண்மை போதும்.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்தார். தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிட அது பல மடங்கு கடுமையானது, பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணே வரும். பிறகு யாரோ கொடுத்த ஒரு வெளுக்கும் கிரீம். முதலில் பளிச்சென்று இருந்தது. நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது, மங்கு முன்பைவிடக் கறுத்தது. ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் இப்படித்தான் ஆசை காட்டித் தோலை மெலியவைக்கும்.

நான் நம்புவது சன்ஸ்கிரீனை மட்டும். அதன் காப்பு அளவைச் சொல்லும் எண் எஸ்பிஎஃப். எஸ்பிஎஃப் 30 என்பது வெயிலில் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் தாராளமாக எடுப்பது மேல். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்கவைக்கும். வெறும் சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல்நிறம் உள்ள வகைதான் தடுக்கும்.

மகளுக்குப் பதினைந்து வயது. பாட்டி அவளிடம் "வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய்" என்கிறார். நான் "பூசிக்கொண்டு போ" என்கிறேன். "இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டாள். இல்லை. கறுப்பு நோயல்ல, அவள் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி அவளுக்குக் காவல். அவள் வெளியே போக வேண்டும், விளையாட வேண்டும், தோல் வெந்துபோகாமல் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். விடவில்லை அவள்: "பிறகு நீ ஏன் மங்கை மறைக்கிறாய்?"

சில நாள் மறைக்கிறேன், சில நாள் அப்படியே போகிறேன். தன்னை நேசிப்பவள் தன் மங்கையும் நேசித்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எனக்கு அது பிடிக்காது. என்னைப் பிடிக்கும்.

அம்மாவுக்கு வயது ஏறிய பிறகு மங்கு வெளிறிவிட்டது. மாதவிலக்கு நின்றபின் பலருக்கு அப்படி ஆவதுண்டு. இருந்தும் என் சன்ஸ்கிரீன் டியூபை எடுத்துப் பூசுகிறார், பவுடர் மாதிரி நிறம் தருகிறதாம். கழுத்துக்கும் தாராளம். காதுகளைத்தான் எத்தனை முறை சொன்னாலும் விட்டுவிடுகிறார்.