காலண்டர் தாள்கள்

அப்பா இறந்த அன்று இரவு நான் மாத்திரை போடவில்லை. எட்டு மணிக்கு மாத்திரையும் டம்ளரில் தண்ணீருமாக வந்து நிற்கிறவரே ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். சாவு வீட்டில் யாரிடம் போய் ஞாபகப்படுத்துவது? விடிய விடிய விழித்திருந்தேன்.

எனக்கு வலிப்பு ஆரம்பித்தது 13 வயதில். காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறும், டீ டம்ளர் பறக்கும். கவனக்குறைவு என்று அம்மா திட்டுவாள். பெரிய ஃபிட்ஸ் வந்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். வளரும் வயதில் வருகிற, இப்படிக் கை வெடுக்கென்று உதறும் மயோக்ளோனிக் வகை வலிப்பு என்றார். தூக்கம் கெடவே கூடாது, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அன்று இரண்டும் தவறின.

மறுநாள் தூக்குவதற்குச் சற்று முன்னால் விழுந்தேன். யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்களாம். பெரியம்மா, "அப்பன் பிள்ளையக் கூப்பிடுறான்" என்று அழுதாளாம். 11 வயதுத் தம்பிதான், அப்பா சொல்லிக்கொடுத்தபடி என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்திருக்கிறான். எனக்குத் தெளிந்தபோது வாயெல்லாம் ரத்த ருசி, வாசலில் பந்தல் மட்டும். அப்பாவுக்கு நான் வாய்க்கரிசி போடவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பீரோவில் அந்த மஞ்சப்பையை எடுத்தேன். எனக்கு ஃபிட்ஸ் வந்த நாட்களின் காலண்டர் தாள்களை அப்பா கிழித்துச் சேர்த்திருந்தார். பின்பக்கம் பேனாவில், ‘காலை 6.10, ஒன்றரை நிமிஷம், இரவு சரியாகத் தூங்கவில்லை.’ கடைசித் தாள் மட்டும் கோணல் கையெழுத்து. ‘10.40. 2 நிமிசம். அக்கா.’

டாக்டர் எல்லாத் தாளையும் பார்த்துவிட்டு, கோபம் வருகிறதா என்று கேட்டார். வந்தது. தட்டை எறிந்திருக்கிறேன், அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். துக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் போடும் லெவிடிரசெட்டம் சிலருக்கு அப்படிக் கோபத்தைக் கிளப்பும் என்றார் அவர். நாமாக நிறுத்தினால் வலிப்பு திரும்பும் என்று எச்சரித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றை ஏற்றினார். சில வாரங்களில் கோபம் தணிந்தது. அழுகை தணியவில்லை. சரி, இது மாத்திரையுடையது இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

"வெளிய சொல்லிராத, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு" என்கிறாள் அத்தை. வகுப்பில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், 5 நிமிஷம் தாண்டினால் 108.

"சாவி?" என்றாள் ஒருத்தி.

"சாவியெல்லாம் வேண்டாம். மணியைப் பாரு."